வாக்கு ஆசனமாவது எப்படி? 2013 வடக்கு மாகாண சபைத் தேர்தலை வைத்து விகிதாசாரக் கணக்கு, படிப்படியாக

தேர்தல் முடிவு வந்த இரவில் எல்லோரும் வீதத்தைத்தான் பார்ப்பார்கள். இந்தக் கட்சிக்கு 62 வீதம், அந்தக் கட்சிக்கு 28 வீதம் என்று தொலைக்காட்சியில் ஓடும். ஆனால் ஐந்து ஆசனங்கள் மட்டும் உள்ள ஒரு மாவட்டத்தில் 62 வீதம் என்றால் மூன்றா, நான்கா? 8 வீதம் எடுத்தவருக்கு ஒன்றாவது கிடைக்குமா? வீதத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை வராது. வகுத்த பிறகு ஒவ்வொரு கட்சியின் கையிலும் என்ன மிஞ்சியது என்று பார்த்தால்தான் வரும். அந்த மிச்சத்தை நீங்களே எழுதிப் பார்க்கும் அளவுக்குக் கொண்டு போவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

எடுத்துக்காட்டாக 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த இலங்கையின் வடக்கு மாகாண சபைத் தேர்தலை எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. ஐந்து மாவட்டங்கள், பதிவான வாக்காளர் 7 லட்சத்துச் சொச்சம், ஆசனம் எடுத்த கட்சிகள் மூன்று. ஒரு கடதாசியும் கல்குலேட்டரும் இருந்தால் போதும்.

முதல் படி: எது அலகு என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாகாண சபைகள் 1987 ஜூலை 29 இந்திய – இலங்கை ஒப்பந்தத்தின் வழியாக வந்தவை. அதே ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. தேர்தலை எப்படி நடத்துவது என்பதைச் சொல்வது 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மாகாண சபைத் தேர்தல்கள் சட்டம். அந்த ஆண்டு நவம்பரில் இணைந்த வடக்கு – கிழக்குக்கு ஒரு தேர்தல் நடந்தது. வடக்கில் போட்டியே இருக்கவில்லை. பிறகு 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. 2007 முதல் இரண்டும் தனித்தனி மாகாணங்கள். ஆகவே வடக்குக்கென்று தனியாக நடந்த முதல் மாகாண சபைத் தேர்தல் 2013 தேர்தல்தான். இன்றுவரை அதுவே கடைசித் தேர்தலும்கூட.

ஒரு மாகாணத்துக்கு எத்தனை உறுப்பினர் என்பதற்குச் சட்டத்தில் ஒரு சூத்திரம் உண்டு: 40,000 பேருக்கு ஒருவர், 1,000 சதுர கிலோமீற்றருக்கு ஒருவர். நிலப்பரப்பும் கணக்கில் வருவதால் ஆள் குறைவான பெரிய மாகாணங்களுக்குச் சற்று ஆறுதல். வடக்குக்கு இப்படி வந்தது 36. அதை வாக்காளர் தொகையை வைத்து மாவட்டங்களுக்குப் பிரித்தபோது யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4 என்று அமைந்தது.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. மாகாண சபைத் தேர்தலில் அப்படி இல்லை. ஒவ்வொரு நிர்வாக மாவட்டத்துக்கும் தனிக் கணக்கு. கிளிநொச்சி வாக்கு யாழ்ப்பாணத்துக்கு உதவாது. மன்னாரில் மிஞ்சியதை வவுனியாவுக்குக் கொண்டு போக முடியாது.

இரண்டாம் படி: வேட்புமனுப் பட்டியல்

தனி வேட்பாளர் என்று யாரும் நிற்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியோ சுயேச்சைக் குழுவோ மாவட்டத்துக்கு ஒரு பட்டியலை, மாவட்டத்தின் தெரிவத்தாட்சி அலுவலரிடம் (வழக்கமாக அவர்தான் மாவட்டச் செயலர்) கையளிக்க வேண்டும். பட்டியலில் ஆசன எண்ணிக்கையை விட மூன்று பெயர் கூடுதலாக இருக்கும். யாழ்ப்பாணத்துக்கு 19 பெயர், கிளிநொச்சிக்கு 7. எண்ணிக்கை பிழைத்தாலோ ஒரு கையெழுத்து விடுபட்டாலோ முழுப் பட்டியலும் நிராகரிக்கப்படலாம். எனவே எந்தத் தேர்தலிலும் வேட்புமனுக் கடைசி நாள் மதியம்தான் கட்சி அலுவலகங்களில் முகம் வெளிறும் நேரம்.

பட்டியலில் பெயர்கள் அகர வரிசையில் இலக்கமிடப்படும். கட்சி யாரை "முதன்மை வேட்பாளர்" என்று அறிவித்தாலும், அந்தப் பட்டத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. யார் உள்ளே போவது என்பதை முடிவு செய்வது வாக்காளர் இடும் விருப்பு இலக்கம். அதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாம் படி: வாக்குச்சீட்டை நிரப்புதல்

சீட்டில் இரண்டு பகுதி. மேலே கட்சிப் பெயர்களும் சின்னங்களும். கீழே வெறும் இலக்கங்கள். முதலில் ஒரு கட்சிக்கு நேரே புள்ளடி. 2013இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றது, ஆகவே அதன் வாக்கு முடிவுகளில் தமிழரசுக் கட்சியின் பெயரில் வரும். அப்போது நாட்டை ஆண்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு வெற்றிலையில், முஸ்லிம் காங்கிரஸ் மரத்தில், ஐக்கிய தேசியக் கட்சி யானையில். புள்ளடி இட்ட பிறகு, அதே கட்சியின் பட்டியலில் உங்களுக்குப் பிடித்த மூவர் வரை அவர்களுடைய இலக்கங்களில் புள்ளடி இடலாம்.

மூன்று விதிகளை மனதில் வையுங்கள். கட்சிக்குப் புள்ளடி இடாமல் கீழே இலக்கத்துக்கு மட்டும் இட்டால் வாக்கு வீண். இரண்டு கட்சிக்கு இட்டாலும் வீண். கட்சிக்குச் சரியாக இட்டு, கீழே மூன்றுக்கு மேல் இட்டால் கட்சி வாக்கு செல்லும், விருப்பு வாக்குகள் மட்டும் போய்விடும். விருப்பு வாக்கு இடுவது கட்டாயமும் இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் இன்னும் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அங்கேயே வாக்களிப்பு நிலையங்கள் வைக்கப்பட்டன. அந்த வாக்குகள் அவரவர் சொந்த மாவட்டக் கணக்கில் சேர்ந்தன. மன்னாரின் கடைசி ஆசனம் எவ்வளவு நெருக்கத்தில் முடிவானது என்று பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

நான்காம் படி: எண்ணும் ஒழுங்கு

முதலில் தபால் மூல வாக்குகள். பிறகு தொகுதி தொகுதியாக. தொகுதி முடிவுகள் வானொலியில் வந்தாலும் அவற்றால் ஆசனம் எதுவும் தீர்மானமாகாது. நல்லூர்த் தொகுதியை யார் "வென்றார்கள்" என்பது பேச்சுக்கு நல்லது, அவ்வளவுதான். மாவட்டத்தின் மொத்தம் வந்த பிறகே ஆசனக் கணக்கு தொடங்கும். ஆசனம் தீர்ந்த பிறகே விருப்பு வாக்கு எண்ணிக்கை, அதுவும் ஆசனம் எடுத்த கட்சிகளுக்கு மட்டும்.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளைக் கழித்து வரும் செல்லுபடியான வாக்குத்தொகையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எண்கள் இப்போதைக்குத் தேவையில்லை.

ஐந்தாம் படி: வகுத்தலும் மிச்சமும்

இதுதான் மையம். செல்லுபடியான வாக்குகளை ஆசன எண்ணிக்கையால் வகுங்கள். வருவது ஒரு ஆசனத்தின் "விலை". ஒவ்வொரு கட்சியின் வாக்கிலும் அந்த விலை எத்தனை முழுத் தடவை அடங்குகிறதோ அத்தனை ஆசனம் உடனே. மீதி ஆசனங்கள், அதிக மிச்சம் வைத்திருப்பவருக்கு ஒவ்வொன்றாகப் போகும்.

மன்னாரை எடுப்போம்.

செல்லுபடியான வாக்குகள் 53,226. ஆசனம் 5. வகுத்தால் 10,645 சொச்சம்.

தமிழரசுக் கட்சி 33,118. மூன்று தடவை அடங்கும், மிச்சம் 1,183.
சுதந்திரக் கூட்டமைப்பு 15,104. ஒரு தடவை, மிச்சம் 4,459.
முஸ்லிம் காங்கிரஸ் 4,571. ஒரு தடவையும் அடங்காது. மிச்சம் அதே 4,571.

நான்கு ஆசனங்கள் போயாயிற்று, ஒன்று மீதி. மூன்று மிச்சங்களையும் பக்கத்தில் வையுங்கள்: 1,183, 4,459, 4,571. முஸ்லிம் காங்கிரஸ் முந்துகிறது, வெறும் 112 வாக்குகளால். (10,645.2இல் உள்ள பின்னத்தை மேலே முழுமையாக்கினால் 113.) 62 வீதம் எடுத்தவர் கடைசி ஆசனத்துக்கான போட்டியிலேயே இல்லை. 28 வீதம் எடுத்தவருக்கு ஒன்று, 8.6 வீதம் எடுத்தவருக்கும் ஒன்று. இரவில் வீதம் மட்டும் பார்த்தவருக்கு இது அநியாயமாகத் தெரியும். கணக்கில் அநியாயம் ஏதும் இல்லை: இரண்டாவது ஆசனத்துக்காகச் சுதந்திரக் கூட்டமைப்பு கொண்டுவந்த வாக்கு, முதலாவதுக்காக முஸ்லிம் காங்கிரஸ் கொண்டுவந்த வாக்கை விடச் சற்றுக் குறைவு.

அப்போது முஸ்லிம் காங்கிரஸ் மத்தியில் அரசின் பங்காளி. அதன் தலைவர் ரவூப் ஹக்கீம் நீதி அமைச்சர். அரசுடன் சேர்ந்து ஒரே சின்னத்தில் நின்றிருந்தால்? இருவரின் வாக்கும் சேர்ந்து 19,675. ஒரு முழு ஆசனம், மிச்சம் 9,030, இரண்டாவதும் அவர்களுக்கே. ஆக மொத்தம் அதே இரண்டு. தனியாக நின்றதால் அந்த அணிக்கு ஆசனம் குறையவில்லை. ஒன்று தன் பெயரில் வந்தது. சிறு கட்சிகளுக்கு இந்த முறை பிடித்திருப்பதன் காரணம் இதிலேயே தெரியும்.

இப்போது முல்லைத்தீவு. வாக்கு 35,982, ஆசனம் 5, விலை 7,196. சுதந்திரக் கூட்டமைப்பு எடுத்தது 7,209. அதாவது விலையை விட 13 வாக்குகள் மட்டும் கூட! "13 வாக்கில் தப்பிய ஆசனம்" என்று தலைப்பு போடத் தோன்றும். போடாதீர்கள். 20 வாக்கு குறைந்திருந்தாலும் அந்த ஆசனம் அவர்களுக்கே. முழுத் தடவை அடங்காமல் போனால் ஏழாயிரத்துச் சொச்சம் முழுவதும் மிச்சமாகிவிடும். தமிழரசுக் கட்சியின் 28,266இல் மூன்று ஆசனம் போக மிஞ்சுவது 6,678. அப்போது இரண்டு ஆசனம் மீதியிருக்கும், ஆளுக்கு ஒன்றாகப் பிரியும். முடிவு மாறாது: 4க்கு 1. மன்னாரின் 112 உண்மையான நெருக்கம்; முல்லைத்தீவின் 13 கண்கட்டு. இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்தால் இந்த முறையில் பாதி தெரிந்த மாதிரி.

கிளிநொச்சி வேறொன்றைக் காட்டுகிறது. 45,459 வாக்கு, 4 ஆசனம், விலை 11,364. தமிழரசுக் கட்சியின் 37,079இல் மூன்று, மிச்சம் 2,987. சுதந்திரக் கூட்டமைப்பின் 7,897 ஒரு முழு விலையில் எழுபது வீதம்கூட இல்லை, ஆனாலும் நான்காவது ஆசனம் அவர்களுடையது. முழு விலை கொடுத்தால்தான் ஆசனம் என்று எண்ணித் துவண்டுபோகும் சிறு கட்சிகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் சிக்கல் எதுவும் இல்லை. 253,542 வாக்கு, 16 ஆசனம், விலை 15,846. தமிழரசுக் கட்சி 213,907: பதின்மூன்று முழுசாக, பதினான்காவது மிச்சத்தில். சுதந்திரக் கூட்டமைப்பு 35,995: இரண்டு.

வவுனியாவை நீங்களே செய்து பாருங்கள். செல்லுபடியான வாக்கு 62,365, ஆசனம் 6. தமிழரசுக் கட்சி 41,225, சுதந்திரக் கூட்டமைப்பு 16,633, முஸ்லிம் காங்கிரஸ் 1,991, ஐக்கிய தேசியக் கட்சி 1,704. விடை 4க்கு 2 என்று வந்தால் சரி. வராவிட்டால் மிச்சங்களை மறுபடி ஒழுங்குபடுத்துங்கள். இங்கே இரண்டு ஆசனம் மிச்சத்தில் போகிறது, ஒன்றல்ல.

ஆறாம் படி: 5 வீத வெட்டுக்கோட்டை இங்கே கொண்டு வராதீர்கள்

நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்ட வாக்கில் இருபதில் ஒரு பங்குக்குக் குறைவாக எடுத்தவர் கணக்கிலேயே சேரமாட்டார். அதைப் பார்த்துப் பழகியவர்கள் மாகாண சபைக்கும் அதையே போடுகிறார்கள். மாகாண சபைத் தேர்தலில் 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்களும் ஆசனம் எடுத்திருக்கிறார்கள். 2014 மேல் மாகாணத் தேர்தலில் அகில இலங்கை மக்கள் காங்கிரஸ் மாகாண வாக்கில் ஒரு வீதம்கூட இல்லாமல் ஓர் ஆசனம் எடுத்தது. கொழும்பு போன்ற 40 ஆசன மாவட்டத்தில் ஒரு ஆசனத்தின் விலையே இரண்டரை வீதம்தான். மிச்சத்தில் அதற்கும் கீழே கிடைக்கும். இங்கே உண்மையான வெட்டுக்கோடு மாவட்டத்தின் அளவு. நான்கு ஆசனக் கிளிநொச்சியில் 8 வீதம் எடுத்து ஆசனம் பிடிப்பது அரிது. நாற்பது ஆசனக் கொழும்பில் 8 வீதம் மூன்று பேரை அனுப்பும்.

ஏழாம் படி: போனஸ் இரண்டு

ஐந்து மாவட்டக் கணக்கும் முடிந்தால் தமிழரசுக் கட்சி 28, சுதந்திரக் கூட்டமைப்பு 7, முஸ்லிம் காங்கிரஸ் 1. இதற்கு மேல், மாகாணம் முழுவதிலும் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு இரண்டு ஆசனம் இனாம். நாடாளுமன்றத்தில் போனஸ் ஆசனம் மாவட்டத்துக்கு மாவட்டம், மாவட்டத்தின் பங்கிலிருந்தே எடுக்கப்படும். மாகாண சபையில் அது 36க்கு மேலே தனியாக வரும். ஆகவே வடக்கின் சபை 38. தமிழரசுக் கட்சிக்கு 30. போனஸுக்கு ஆளைப் பெயர் குறிப்பது கட்சிச் செயலாளர். இரண்டில் ஒன்றைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு முஸ்லிம் ஒருவருக்கு, அஸ்மின் ஐயூப்புக்கு, கொடுத்தது.

போனஸ் என்றால் விகிதாசாரத்தைக் கெடுப்பது என்றுதான் நினைப்போம். வடக்கில் வேடிக்கையாக நேர்மாறு நடந்திருக்கிறது. தமிழரசுக் கட்சி எடுத்தது 353,595 வாக்கு, 78.48 வீதம். 36இல் 28 என்றால் 77.8. 38இல் 30 என்றால் 78.9. சுதந்திரக் கூட்டமைப்பின் 82,838 வாக்கு 18.38 வீதம், 38இல் 7 என்பது 18.4. கிட்டத்தட்ட அச்சொட்டாக. இன்னொன்றும் போட்டுப் பாருங்கள்: மாவட்டங்களையே மறந்துவிட்டு, மாகாணத்தின் 450,574 வாக்கையும் ஒரே குவியலாக எடுத்து 36ஆல் வகுத்தாலும் 28, 7, 1 என்றுதான் வருகிறது. சிறு சிறு மாவட்டங்களின் கோணல்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டன. இது வடக்கின் அதிர்ஷ்டம், விதியல்ல.

போனஸின் பல் தெரிய வேண்டுமென்றால் 2012 கிழக்கைப் பாருங்கள். சுதந்திரக் கூட்டமைப்பு 200,044 வாக்கு, தமிழரசுக் கட்சி 193,827. வித்தியாசம் 6,217. மாவட்டக் கணக்கில் 12க்கு 11. அந்த ஆறாயிரத்துச் சொச்சத்துக்காக இரண்டு போனஸும் ஒரே பக்கம் போய் 14க்கு 11 ஆனது. முஸ்லிம் காங்கிரஸிடம் 7, ஐக்கிய தேசியக் கட்சியிடம் 4, தேசிய சுதந்திர முன்னணியிடம் 1. சபை 37 பேர். பெரும்பான்மைக்கு 19 வேண்டும். தமிழரசுக் கட்சியும் முஸ்லிம் காங்கிரஸும் சேர்ந்தால் 18. போனஸ் மறுபக்கம் விழுந்திருந்தால் அதே இருவரும் 20, வேறு யாருடைய தயவும் வேண்டியதில்லை. நடந்தது வேறு: முஸ்லிம் காங்கிரஸ் அரசுடன் போனது, நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். வடக்கில் அலங்காரமாக இருந்த அதே இரண்டு ஆசனம், கிழக்கில் பேரம் பேசும் வழியையே மாற்றியது.

எட்டாம் படி: விருப்பு வாக்கு

இது வரை கட்சிக்கு எத்தனை என்று பார்த்தோம். யார் என்பதை விருப்பு வாக்கு சொல்லும். அதிகம் எடுத்தவரிலிருந்து வரிசையாக, கட்சிக்குக் கிடைத்த ஆசனம் தீரும் வரை.

ஒருவர் மூன்று விருப்பு இடலாம் என்பதால் இந்த எண்களைக் கூட்டினால் கட்சி வாக்கைத் தாண்டிப் போகும், அது பிழையல்ல. யாழ்ப்பாணத்தில் முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன் 132,255 எடுத்தார். காணாமற்போன விடுதலைப் புலிகளின் தலைவர்களில் ஒருவரான எழிலனின் மனைவி அனந்தி சசிதரன் 87,870. மூன்றாவது, தர்மலிங்கம் சித்தார்த்தன், 39,715. இதைக் கட்சியின் 213,907 வாக்கோடு ஒப்பிடுங்கள்: வீட்டுக்குப் புள்ளடி இட்ட ஐந்து பேரில் மூன்று பேருக்கு விக்னேஸ்வரனின் இலக்கம் நினைவிருந்தது, இரண்டு பேருக்கு அனந்தியின் இலக்கம். மூன்றாமவருக்கு ஐந்தில் ஒருவர்கூட இல்லை. முதல் இரண்டு பெயரையும் மாகாணமே அறிந்திருந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஊர், உறவு, இயக்கம், பாடசாலை என்று சிதறிய வாக்குகள்.

விருப்பு வாக்கின் போட்டி எதிர்க்கட்சியோடு அல்ல, தன் பட்டியலில் உள்ளவர்களோடு. வீட்டுப் பட்டியலில் 19 பேர், உள்ளே போனது 14 பேர். பெரும்பாலானோருக்கு இடம் உண்டு. வெற்றிலைப் பட்டியலிலும் 19 பேர், இடம் இரண்டு. அந்தப் பட்டியலில் பக்கத்தில் நிற்பவர்தான் முதல் எதிரி. தென்னிலங்கையில் விருப்பு வாக்குச் சண்டை வேட்பாளர்களுக்கிடையில் வெட்டுக்குத்து வரை போனதும், இந்த முறையையே ஒழிக்க வேண்டும் என்ற குரல் எழுந்ததும் இதனால்தான்.

விருப்பு வாக்கு எவ்வளவு முக்கியம் என்று எதிரிகளுக்கும் தெரியும். வாக்களிப்பு நாள் காலையில் உதயன் பத்திரிகை போலவே அச்சிட்ட ஒரு போலி யாழ்ப்பாணத்தில் பரவியது; அனந்தி அரச தரப்புக்கு மாறிவிட்டார் என்று அதில் செய்தி. தேர்தலுக்குச் சற்று முன்பு அவருடைய வீடு தாக்கப்பட்டிருந்தது. இரண்டையும் தாண்டி 87,870.

இடையில் ஒருவர் பதவி விலகினாலோ நாடாளுமன்றம் போனாலோ இடைத்தேர்தல் கிடையாது. அதே மாவட்டப் பட்டியலில் அடுத்த விருப்பு வாக்கு எடுத்தவர் உள்ளே வருவார். தோற்ற வேட்பாளரும் தன் இலக்கத்துக்கு எத்தனை விழுந்தது என்று கடைசி வரை எண்ண வைப்பது அதற்காகத்தான். தமிழ்நாட்டு இடைத்தேர்தல் பரபரப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சப்பென்று இருக்கும்.

ஒன்பதாம் படி: முதலமைச்சரும் அமைச்சு வாரியமும்

சபையில் பாதிக்கு மேல் ஒரே கட்சியிடம் இருந்தால், சபையில் அந்தக் கட்சிக்குத் தலைவராக இருப்பவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்க வேண்டும். ஆளுநரின் விருப்புக்கு இடமில்லை. பாதிக்குக் கீழே என்றால் பெரும்பான்மை ஆதரவு யாருக்கு என்று ஆளுநர் தீர்மானிப்பார். முதலமைச்சரைத் தவிர நான்கு அமைச்சர்கள் மட்டுமே. முப்பது பேரில் நால்வரைத் தேர்வது, அதுவும் ஐந்து கட்சிகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பில், தேர்தலை விடக் கடினம் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

விக்னேஸ்வரன் 2013 ஒக்டோபர் 7ஆம் திகதி சத்தியப்பிரமாணம் செய்தார். சபை ஒக்டோபர் 25ஆம் திகதி கைதடியில் கூடியது, சி.வி.கே. சிவஞானம் அவைத் தலைவர். ஐந்தாண்டு 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர் ஆட்சி.

பத்தாம் படி: அடுத்த தேர்தலுக்கு எந்தக் கணக்கு?

2017 செப்டெம்பரில் நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல்கள் சட்டத்தைத் திருத்தியது. வந்தபோது அது பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்கான சட்டமூலம். குழுநிலையில் திருத்தங்களைச் செருகித் தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள்: பாதி உறுப்பினர் தொகுதி வாரியாக, மீதி பாதி விகிதாசாரத்தில். சட்டம் இயற்றும் விதத்துக்கு இதைவிட மோசமான உதாரணம் தேடினாலும் கிடைப்பது அரிது. தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒருவர்கூட இல்லை; 139 பேர் எதிர்த்தார்கள். புதிய எல்லை இல்லாததால் புதிய முறை இயங்காது. பழைய முறை சட்டத்தில் இல்லாததால் அதிலும் நடத்த முடியாது என்று 2019இல் உயர் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. இதனால் 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்த தேர்தலே இதை எழுதும் வரை நாட்டின் கடைசி மாகாண சபைத் தேர்தலாக நிற்கிறது. பழைய முறையிலேயே நடத்த அனுமதி கேட்டு அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்ததும் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான்.

ஆகவே அடுத்து ஒரு தேர்தல் அறிவிப்பு வந்தால், வேட்பாளர் பெயர்களுக்கு முன் எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். 1988 முறைக்குத் திரும்பியிருந்தால் மேலே உள்ள படிகள் அப்படியே பொருந்தும். மாவட்டங்களுக்கான ஆசன எண்ணிக்கையை மட்டும் வர்த்தமானியிலிருந்து புதிதாக எடுங்கள், வாக்காளர் தொகை மாறியிருக்கும். கலப்பு முறை என்றால் எட்டாம் படியை அழித்துவிடுங்கள், அதில் விருப்பு வாக்கு இல்லை. அதற்குப் பயிற்சி வேண்டுமானால் 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் உங்கள் ஊர்ப் பிரதேச சபையின் முடிவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். வட்டாரத்தில் வென்றவரின் ஆசனம், விகிதாசாரத்தில் அவருக்கு உரிய பங்கை மிஞ்சினால் சபையே எப்படிப் பெரிதாகிறது என்பது அதில் தெரியும்.